ஊஜி ஈயின் ஜாதகம்

மேனாம்பேட்டில் எங்கள் தெருமுனைக் காலி மனையிலுள்ள எருக்கஞ்செடியில், வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுவொன்றைக் கண்டேன். அதன் தலைக்குச் சற்றுப் பின்னால் கடுகிலும் சிறிய வெள்ளை முட்டையொன்று ஒட்டியிருந்தது. இலையோடு வீட்டுக்கு எடுத்துவந்து கண்ணாடிக் குப்பியில் வளர்த்தேன். சில நாட்களில் அது பச்சைக் கூட்டுப்புழுவாயிற்று. பின்னர் அக்கூடு பழுப்பேறி, அதிலிருந்து சிறகு விரிக்கும் அழகுக்குப் பதிலாக, பிசின் போன்ற நூலொன்றைப் பற்றிக்கொண்டு வெண்ணிறப் புழுவொன்று இறங்கிற்று.

இது டாக்கினிட் குடும்பத்து ஈக்களின் தொழில். பார்வைக்கு வீட்டு ஈயின் உறவினர் போலிருக்கும். ஆயினும் உடலெங்கும் குத்திட்டு நிற்கும் முரட்டு ரோமங்களும், முதுகுக் கேடயத்தின் அடியில் உப்பித் தோன்றும் சிறு மேடும் இவற்றைப் பிரித்துக் காட்டும் அடையாளங்கள். உலகில் 8,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன.

1758இல் லின்னேயஸ், புழுக்களைத் தின்று வளரும் ஒரு ஈயை வீட்டு ஈயுடனேயே சேர்த்து, ‘மஸ்கா லார்வாரம்’ என்று பெயரிட்டார். 1803இல் ஜெர்மானியரான மைகன் ‘எக்ஸோரிஸ்டா’ என்ற பேரினத்தை ஏற்படுத்தினார். லின்னேயஸின் அந்த ஈயே இன்று அப்பேரினத்தின் மாதிரிச் சிற்றினம்.

நம் பட்டு விவசாயிகள் கண்ணீர் வடிக்கக் காரணமான ஊஜி ஈயும் இப்பேரினத்தைச் சேர்ந்ததே. (‘ஊஜி’ என்பது ஜப்பானிய மொழியில் ஈப்புழுவைக் குறிக்கும் சொல், நம் ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) பழைய நூல்களில் ‘டிரைக்கோலைகா’ என்ற வேறொரு பேரினப் பெயரோடும், பிறகு ‘எக்ஸோரிஸ்டா சார்பிலன்ஸ்’ என்றும் வழங்கிய அது, இப்போது ‘எக்ஸோரிஸ்டா பாம்பிசிஸ்’ எனப்படுகிறது. பெயர் மாற்றம் பண்டிதர்களின் வீண் விவகாரம் என்று நான் எண்ணவில்லை. ஒரு சிற்றினத்தின் பெயரை இன்னொன்றுக்குச் சூட்டினால், அதன் சுபாவத்தையும் இதன் தலையில் ஏற்றி, மருந்தையும் மாற்றிக் கொடுத்துவிடுவோம். ஒரே பேரினத்தில் பிறந்த லார்வாரம், அமெரிக்கக் காடுகளை அழித்த அந்துப்பூச்சியின் புழுக்களை ஒடுக்க ஐரோப்பாவிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட நண்பன் என்பதை நினைத்தால், வகைப்பாட்டின் பிரயோஜனம் புலப்படும்.

வங்காளத்தில் நெடுங்காலம் இருந்த ஊஜி ஈ, 1980இல் பட்டுக்கூடுகளோடு கர்நாடகம் புகுந்து, பின்னர் ஓசூர், தருமபுரி வட்டாரங்களுக்கும் பரவிற்று. தாய் ஈ பட்டுப்புழுவின் மேனியில் முட்டையிடும்; இரண்டு மூன்று நாட்களில் பொரித்த குஞ்சு தோலைத் துளைத்து உள்ளே போகும்; போன வழி கறுத்த தழும்பாக நிற்கும். தின்று கொழுத்தபின் வெளிவந்து, தரையின் வெடிப்பிலும் மண்ணிலும் கூட்டுப்புழுவாகிறது. பட்டுப்புழு கூடு கட்டிய பிறகு ஈப்புழு வெளிவந்தாலோ, கூடு ஓட்டையாகி இழை அறுந்துவிடும்.

வளர்ப்பு மனையின் ஜன்னல்களுக்கு நைலான் வலை கட்டுவது முதல் காப்பு. அதற்கும் மேலாக, ஊஜியின் கூட்டுறைக்குள், கூட்டுப்புழுவின் மேல் தன் முட்டைகளை இட்டு, தன் குஞ்சுகளை அதையே தின்று வளரச் செய்யும் ‘நெசோலின்க்ஸ் தைமஸ்’ என்ற மிகச் சிறிய குளவியொன்று உண்டு. பட்டுப்புழுக்கள் கூடு கட்ட ஏறும் சந்திரிகைகளின் அருகே, அக்குளவிகள் அடங்கிய வலைப் பைகளைத் தொங்கவிடுகிறார்கள்.