ஸ்டீயரிங் போனது... மைக் வந்தது!

ரேஸ் உலகில் ஒரு சென்னைக்காரரின் கதை

"கார் வாங்கக் காசில்லாதவனுக்கு கார் ரேசில் என்ன சோலி?"

கருங்கல் சந்திப்பில் மார்த்தாண்டம் பஸ்சுக்கு நிற்கும் ஒரு வாலிபர், "எனக்கு ரேஸ் என்றால் உயிர்" என்று சொல்லிப் பார்க்கட்டும். பக்கத்தில் நிற்பவர் இந்தக் கேள்வியைத்தான் கேட்பார். நியாயமான கேள்விதான்!

ஆனால் ஒரு விஷயம். உலகப் புகழ் பெற்ற 'பார்முலா ஒன்' பந்தயத்தில் கார் ஓட்டுகிறவர்கள் சுமார் 20 பேர்தான். அவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள், பேசுகிறவர்கள், படம் பிடிக்கிறவர்கள் நூற்றுக்கணக்கானோர். அவர்களுக்கும் ரேஸ்தான் சோறு போடுகிறது.

இதற்குச் சரியான உதாரணம் ஒரு சென்னைக்காரர். பெயர், கருண் சந்தோக்.

ஓட்டிப் பார்க்காத கார்

கருண் பிறந்தது 1984-ல், சென்னையில். தாத்தா, அப்பா எல்லோருமே ரேஸ் பைத்தியங்கள். அப்பா விக்கி சந்தோக் பெயர் பெற்ற பந்தய வீரர்.

2010-ம் ஆண்டு மார்ச் மாதம். பக்ரைன் நாடு. கருணின் முதல் பார்முலா ஒன் பந்தயம். கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயனுக்கு அடுத்து, இந்தியாவில் இருந்து அங்கே போன இரண்டாவது ஆள் இவர்தான்.

அந்தக் காரை அவர் அதுவரை ஒரு சுற்றுகூட ஓட்டிப் பார்த்தது இல்லை! கார் தயாராகவே இல்லை. தகுதிச் சுற்றில்தான் முதல் முதலாக உட்கார்ந்தார். மறுநாள் பந்தயத்தில் இரண்டாவது சுற்றிலேயே கார் மோதி நின்றது.

அந்த ஆண்டு 10 பந்தயம். அடுத்த ஆண்டு ஜெர்மனியில் ஒரே ஒரு பந்தயம். மொத்தம் 11. அதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை இடம் இல்லை

மனசை உலுக்கும் கட்டம் இனிமேல்தான்.

2011 அக்டோபர். இந்தியாவில் முதல் பார்முலா ஒன் பந்தயம், டெல்லி பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் நடந்தது. சொந்த நாட்டு ஜனங்கள் முன்னால் கார் ஓட்ட வேண்டும் என்று எந்த வீரனுக்குத்தான் ஆசை இருக்காது? கருணுக்குக் கிடைத்தது வெள்ளிக்கிழமை பயிற்சி ஓட்டம் மட்டும். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் அவருக்குக் கார் இல்லை.

வேறு ஆளாக இருந்தால் ஊர் திரும்பி வேறு பிழைப்பு பார்த்திருப்பார். கருண் விடவில்லை. 2012-ல் பிரான்சில் நடக்கும் 'லெ மான்' 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டினார். அதில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். அவருடைய அணிக்கு 6-வது இடம்!

இன்னொரு பக்கம் மைக்கைப் பிடித்தார். 2016-ல் இங்கிலாந்தின் 'சேனல் 4' டெலிவிஷன். 2019-ல் 'ஸ்கை' டெலிவிஷன். இன்று உலகம் பூராவும் ரேஸ் ரசிகர்களுக்குத் தெரிந்த குரல் அது.

வர்ணனை என்றால் வாய்க்கு வந்ததைப் பேசுவது அல்ல. 300 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் காரின் டயர் ஏன் தேய்கிறது? ஒரு ஓட்டுநர் எந்த இடத்தில் பிரேக் போட்டார், மற்றவர் எங்கே போட்டார்? கண் மூடித் திறப்பதற்குள் பார்த்து, பாமரனுக்கும் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். ஸ்டீயரிங் பிடித்த கைக்குத்தான் அந்த ரகசியம் தெரியும்.

வேலிக்கு வெளியே

பேனா பிடித்தவர்கள் எல்லோருக்கும் ரேஸ் மைதானத்தின் கதவு திறந்து விடவில்லை. முக்கியமாகப் பெண்களுக்கு!

டெனிஸ் மெக்ளகேஜ் என்று ஒரு அமெரிக்கப் பெண் நிருபர். தானே ரேஸ் காரும் ஓட்டுவார். 1961-ல் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில், பெராரி காரில் தன் பிரிவில் முதலிடம் பிடித்தவர்! ஆனால் இண்டியானாபோலிஸ் மைதானத்தில் கார்கள் நிற்கும் 'பிட்' பக்கம் பெண்கள் போகவே கூடாது. 1971 வரை இதுதான் சட்டம். போட்டியில் ஜெயித்த பெண்ணே பேட்டி எடுக்க வேலிக்கு வெளியே நிற்க வேண்டிய நிலை!

பார்முலா ஒன்னில் இதுவரை கார் ஓட்டிப் புறப்பட்ட பெண்கள் இரண்டே பேர். இருவரும் இத்தாலிக்காரர்கள். 1976-க்குப் பிறகு யாருமே இல்லை.

சென்னையில் மாற்றம்

நம் சென்னை இந்த விஷயத்தில் பரவாயில்லை. பைக் பந்தய வீரர் ஆர். ஏ. அப்துல்லாவின் மகள் அலிஷா அப்துல்லா, ஆண்களோடு சரிக்குச் சரியாக பைக்கும் காரும் ஓட்டியவர். அதோடு நிற்காமல், பெண்களுக்கென்றே பந்தயப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்.

2024 ஆகஸ்டு கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி நேர ரேஸ் நடந்தது நினைவிருக்கும். அப்போது ஓடிய 'இந்தியன் ரேசிங் லீக்' போட்டியில் ஒவ்வொரு அணியிலும் ஒரு பெண் ஓட்டுநர் கட்டாயம். தனிப் போட்டி கிடையாது. ஆண்களோடு ஒரே பந்தயம்!

பார்வையற்றவர் வழி காட்டுவார்

இதைவிட அதிசயம் ஒன்று உண்டு. சென்னை உள்பட பல நகரங்களில் பார்வையற்றவர்களுக்கான கார் ராலி நடந்திருக்கிறது.

அவர்கள் கார் ஓட்டுவார்களா? இல்லை. பார்வை உள்ளவர் ஓட்டுவார். வழி சொல்பவர் பார்வையற்றவர்! பாதைக் குறிப்பு முழுவதும் பிரெயில் எழுத்தில் இருக்கும். விரலால் தடவிப் படித்து, "இன்னும் 2 கிலோ மீட்டர், அப்புறம் இடது பக்கம்" என்று சொல்வார். ஓட்டுநர் கேட்டு நடக்க வேண்டும்.

இதில் வேகமாகப் போகிறவருக்குப் பரிசு கிடையாது. குறித்த நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேருகிறவருக்குத்தான் பரிசு. சீக்கிரம் போனாலும் மார்க் போச்சு!

கருங்கலுக்கு என்ன?

ரேஸ் டிராக் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை, கருங்கலில் இருந்து ஏறத்தாழ 700 கிலோ மீட்டர். தூரம்தான். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பிடித்தது குமரி மாவட்டம். நூற்றுக்கு 91 பேருக்கு மேல்! சுற்றுவட்டாரத்தில் என்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைகளுக்கும் குறைவில்லை.

என்ஜின் தெரிந்தவன் எழுதலாம். பேச்சு வருகிறவன் மைக் பிடிக்கலாம். டிராக் ஓரம் கொடி காட்டும் மார்ஷல் ஆகலாம். பையன்தான் என்றில்லை, பெண் பிள்ளையும் போகலாம்.

கார் வாங்கக் காசில்லாதவனுக்கு ரேசில் என்ன சோலி என்றா கேட்டீர்கள்?

சோலி நிறைய கிடக்கு, மக்களே!