ஆறடி தள்ளி நின்ற காதல்: திரைக்குப் பின்னால் ஒரு எட்டு!

கட்டிப்பிடிக்கக் கூடாது. யூனிட்டில் கூட்டம் கூடாது. வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. இத்தனை 'கூடாது'களை வைத்துக்கொண்டு ஒரு காதல் படம் எடு என்றால் எடுக்க முடியுமா? எடுத்தார்களே! 2020 அக்டோபர் 16 அன்று அமேசான் பிரைமில் 'புத்தம் புது காலை' வந்தது. கொரோனா ஊரடங்குக் காலத்து அன்பைச் சொல்லும் ஐந்து குறும்படங்கள், ஐந்து இயக்குநர்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஆலைத் தொழிலாளர்கள் தங்கும் அறைகளில் நாங்கள் அதைப் பார்த்ததும், பிறகு அதைப் பற்றி விமர்சகர்களோடு மனசுக்குள்ளேயே மல்லுக்கட்டியதும் ஒரு தனிக் கதை. வாங்க, முதலில் திரைக்குப் பின்னால் போவோம்!

பெயரிலேயே ஒரு குறும்பு இருக்கிறது. 1981-ல் 'அலைகள் ஓய்வதில்லை' படப் பாடல்களோடு வந்த இளையராஜா பாட்டு அது. இசைத்தட்டில் வந்தது, படத்தில் வரவில்லை. காட்சியே இல்லாமல் தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் புகுந்த பாட்டின் பெயரை, வீட்டை விட்டு வெளியேறவே முடியாத காலத்துப் படத்துக்கு வைத்தார்களே, அந்த ரசனைக்கே ஒரு விசில் அடிக்கலாம்.

அடுத்து சுதா கொங்கராவின் 'இளமை இதோ இதோ'. ஐயோ, இந்தப் படத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்குத் தீராது! வயதான காதலர்களாக ஜெயராமும் ஊர்வசியும். பிள்ளைகளுக்குத் தெரியாமல் சந்திக்கிறார்கள். ஊரடங்கு அறிவிப்பு வர, ஒரே வீட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். தங்களுக்குள் இருக்கும்போது அவர்கள் கண்ணுக்கு அவர்கள் இளசுகள். உடனே திரையில் காளிதாஸும் கல்யாணி பிரியதர்ஷனும் துள்ளுகிறார்கள். வெளியுலகம் எட்டிப் பார்த்தால் வயசு திரும்பிவிடுகிறது. இதில் அழகு என்னவென்றால், காளிதாஸ் ஜெயராமின் சொந்த மகன். மேக்கப்பும் கிராபிக்ஸும் எதற்கு? அப்பாவின் இளமை வீட்டிலேயே தயாராக இருக்கிறதே!

சொந்தபந்தங்களைக் கேமராவுக்கு முன் கொண்டுவரும் இந்த வேலை அந்த வருஷம் உலகம் முழுக்கவே நடந்தது. அமெரிக்காவில் 2020 ஆகஸ்டில் 'லவ் இன் த டைம் ஆஃப் கொரோனா' என்று நாலு பாகத் தொடர் ஒன்று வந்தது. லெஸ்லி ஓடம் ஜூனியரும் அவர் மனைவி நிக்கோலெட் ராபின்சனும் அதில் கணவன் மனைவியாகவே நடித்தார்கள். நடிகர்களின் வீடுகளே படப்பிடிப்புத் தளம். இங்கே சுஹாசினி இயக்கிய 'காஃபி, எனிஒன்?' படத்தில் நினைவிழந்து படுத்திருக்கும் அம்மாவாக வந்தவர் சுஹாசினியின் அம்மா கோமளம் சாருஹாசனேதான்!

இதற்கெல்லாம் முன்னோடி கௌதம் மேனன். 2020 மே மாதமே ஐபோன் வழியாகவே சிம்புவையும் த்ரிஷாவையும் அவரவர் வீட்டிலிருந்தே நடிக்க வைத்து, 'கார்த்திக் டயல் செய்த எண்' எடுத்துவிட்டார். கல்யாணமாகிவிட்ட பழைய காதலி ஜெஸ்ஸிக்குக் கார்த்திக் போன் போடலாமா கூடாதா என்று ஊரே பட்டிமன்றம் நடத்தியது. நான் போடலாம் கட்சி!

சரி, விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்? ஊர்வசியை, ஜெயராமை, இன்னொரு குறும்படத்தில் வந்த எம்.எஸ்.பாஸ்கரைப் பாராட்டினார்கள். கூடவே ஒரு குட்டும் வைத்தார்கள். எல்லாம் பெரிய வீடு, விசாலமான பால்கனி, நிறைந்த சமையலறை. சாலையில் நடந்தே ஊருக்குப் போன தொழிலாளி எங்கே என்று கேட்டார்கள். கார்த்திக் சுப்பராஜின் 'மிராக்கிள்' மட்டும்தான் பசித்த வயிற்றின் பக்கம் போயிருந்தது.

அந்தக் குட்டு நியாயமானது. எங்கள் பக்கம் இருந்து பாருங்கள், தெரியும். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை 2020 மார்ச் 23 அன்று நின்றது. மே 8 அன்று மறுபடி ஓடத் தொடங்கியபோது முதல் நாள் வெளிவந்தவை 200 கார்கள். மாவட்டம் தாண்ட இ-பாஸ். ஒரே அறையில் நாலு பேர், ஐந்து பேர். காதலியோடு போனில் பேச மொட்டைமாடிக்குத்தான் ஓட வேண்டும். அங்கேயும் ஏற்கெனவே நாலு பேர் நாலு மூலையில் பேசிக்கொண்டிருப்பார்கள். இந்தக் காதலுக்கு பால்கனி ஏது? ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: பெரிய வீடு என்பதற்காக ஊர்வசியின் அந்தச் சிரிப்பை யாரும் தள்ளிவைக்கவில்லை. அதைப் பார்த்து எங்கள் அறையே சிரித்தது.

இப்போதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம் வருகிறது! 2022 ஜனவரி 14, பொங்கல் நாள். அடுத்த குறும்படத் தொகுப்பான 'புத்தம் புது காலை விடியாதா' வந்தது. பாலாஜி மோகனின் 'முகக்கவச முத்தம்' படத்தில் காதலர்கள் யார் தெரியுமா? ஊரடங்குச் சோதனைச்சாவடியில் நிற்கும் இரண்டு கான்ஸ்டபிள்கள்! கௌரி கிஷனும் டீஜேயும் வெயிலில், யூனிஃபார்மில், முகக்கவசத்துக்கு மேலே கண்ணால் மட்டும் காதலிக்கிறார்கள். வேலை பார்க்கும் இடத்தில், வேலை நேரத்தில், சம்பளக்காரர்களின் காதல். லேசான படம் என்பார்கள். இருக்கட்டுமே! வீட்டுக்குள்ளிருந்து ரோட்டுக்குக் காதலைக் கொண்டுவந்த படம் அது. ஹலிதா ஷமீமின் 'லோனர்ஸ்' உரையாடல்களுக்கும், இன்னொரு குறும்படத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோன கணவனோடு ஒரே கூரையின் கீழ் வாழும் மனைவியாக வந்த நதியாவுக்கும் நல்ல பெயர் கிடைத்தது. ஆனால் என் மனசு அந்தச் சோதனைச்சாவடியிலேயே நின்றுவிட்டது.

அந்தப் படங்கள் பேசிய இரண்டாம் ஊரடங்கில், 2021 மே மாதம், ஒரகடத்தில் வேறொரு இடைவெளியைப் பற்றிய பேச்சு நடந்தது. அசெம்பிளி லைனில் தள்ளி நின்று வேலை செய்ய வழியில்லை என்று ரெனோ-நிசான் தொழிற்சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. இருங்காட்டுக்கோட்டையில் தொழிலாளர்கள் உட்கார்ந்து போராட, ஹூண்டாய் ஆலை அந்த மாதக் கடைசியில் சில நாள் மூடப்பட்டது. பயத்தோடு ஷிஃப்ட்டுக்குப் போனவர்கள் அதே லைனில் யாரையோ தேடியும் இருப்பார்கள், தேடாமலா? முகத்தின் பாதியை மறைத்துக்கொண்டு புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணை, கவசமில்லாமல் எப்படி இருப்பாள் என்று தெரியாமலேயே ஒருவனுக்குப் பிடித்துப்போயிருக்கும்.

இந்தக் காதலையும் யாராவது படமாக எடுங்களேன்! பிக் பாஸ் வீடு இருக்கும் ஈவிபி பிலிம் சிட்டி, நெடுஞ்சாலையில் எங்களுக்குக் கொஞ்சம் முன்னால், செம்பரம்பாக்கத்தில்தான் இருக்கிறது. கேமரா அதுவரை வந்துவிட்டது! இன்னும் கொஞ்ச தூரம் வந்தால் போதும். பாலாஜி மோகன் சார், ஹலிதா மேடம், லொக்கேஷன் பார்க்க ஆள் தேட வேண்டாம். சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தம், ஒரகடம் கூட்டுரோடு, ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்ஸின் கடைசி ஜன்னல் சீட், எல்லாவற்றையும் நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்!