ஏழைச் சமையலுக்கு ஊர் கூடி எடுக்கும் விழா

இத்தாலியின் தஸ்கனி மாநிலத்தில், சியெனா மாவட்டத்தின் தெற்கு மூலையில், சான் கஷியானோ தெய் பாஞ்ஞி என்றொரு மலையூர் இருக்கிறது. அங்குள்ள வெந்நீர் ஊற்றின் சேற்றிலிருந்து 2022-ல் இருபதுக்கும் மேற்பட்ட பழங்கால வெண்கலச் சிலைகள் கிடைத்தன. உலகமே திரும்பிப் பார்த்தது. அந்த ஊரைச் சேர்ந்த குக்கிராமம் செல்லே சுல் ரிகோ. ஆண்டுதோறும் மே மாதக் கடைசி வார இறுதியில் அங்கே கூட்டம் கூடுவது சிலை பார்க்க அல்ல, ‘பீச்சி’ சாப்பிட.

பீச்சி என்பது கையால் உருட்டிய தடித்த பாஸ்தா. கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, கொஞ்சம் எண்ணெய். பெரும்பாலும் முட்டை சேர்ப்பதில்லை. அந்தக் காலத்துக் குடியானவர் வீட்டில் முட்டை என்பது சந்தையில் விற்றுக் காசாக்க வேண்டிய பொருள். பிசைந்த மாவைத் துணியால் மூடிச் சிறிது நேரம் விட்டு, தட்டையாகத் தேய்த்து, கீற்றுக் கீற்றாக நறுக்குகிறார்கள். பிறகுதான் கைவேலை. ஒரு கீற்றை மரப்பலகைமேல் வைத்து, ஒரு உள்ளங்கையால் உருட்டிக்கொண்டே மறுகையால் மெல்ல இழுக்க வேண்டும். அழுத்தம் கூடினால் அறுந்துவிடும். குறைந்தால் ஓரிடத்தில் தடித்துப்போய் அந்த இடம் மட்டும் வேகாமல் நிற்கும். பழகிய கையில் அது முறுக்கிய நூல்கயிறு போல நீண்டுகொண்டே போகும். ஒட்டாமலிருக்க ரவையோ மக்காச்சோள மாவோ தூவி, சுருட்டித் தட்டில் வைக்கிறார்கள். விழாவுக்கு வருகிற அத்தனை பேருக்கும் இதை ஒவ்வோர் இழையாக உருட்டியாக வேண்டும். உருட்டுகிறவர்கள் ஊர்ப் பெண்கள். யாருக்கும் கூலி கிடையாது.

மேலே ஊற்றும் குழம்பும் எளியதுதான். அந்த வட்டாரத்தில் விளையும் ‘அல்யோனே’ என்ற பெரிய பல் பூண்டை நசுக்கி, ஆலிவ் எண்ணெயில் நிதானமாக வதக்கி, தக்காளி சேர்த்துச் சுண்டவைப்பார்கள். இன்னொரு வகையில் குழம்பே இல்லை. காய்ந்த ரொட்டியை உதிர்த்து, எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து மேலே தூவிவிடுவார்கள். பாலாடைக்கட்டி வாங்க முடியாதவர்கள் அதன் இடத்தில் வைத்தது ரொட்டித்தூள். இன்று நகரத்து ஓட்டல்களில் இதற்கு நல்ல விலை.

இந்தச் சமையலை இத்தாலியர்கள் ‘குசினா போவெரா’, ஏழைகளின் சமையல் என்கிறார்கள். அந்த ஏழ்மை வெகுதூரத்தில் இல்லை. தஸ்கனியில் ‘மெட்சத்ரியா’ என்ற வாரக் குத்தகை முறை நடந்தது. விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. மீதியில் கூட்டுக்குடும்பம் முழுவதும் ஆண்டை ஓட்ட வேண்டும். 1964-ல் வந்த சட்டம்தான் புதிதாக அப்படி ஒப்பந்தம் போடுவதைத் தடை செய்தது. இன்று எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் விழாப் பலகை முன்னால் நின்று மாவு உருட்டினால், அவர் சிறுமியாக அந்தப் பாதியில் வளர்ந்தவராக இருக்கக்கூடும்.

வடக்கே போனால் கதை இன்னும் கடுமை. வெனெத்தோ, லொம்பார்தியா விவசாயிகளுக்கு மூன்று வேளையும் ‘பொலெந்தா’, அதாவது மக்காச்சோளக் களிதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து மக்காச்சோளம் வந்தது. அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைக்கும் மெக்சிகோ மக்களின் பக்குவம் கூடவே வரவில்லை. அந்தப் பக்குவம் இல்லாமல் மக்காச்சோளத்தை மட்டுமே தின்றால் நயாசின் என்ற சத்து உடம்புக்குக் கிடைக்காது. தோல் வெடிக்கும், வயிறு கெடும், கடைசியில் புத்தி பேதலிக்கும். பெலாக்ரா என்ற இந்த நோயால் 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குடும்பம் குடும்பமாக அழிந்தார்கள். உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஒரே ஒரு உப்புக்கருவாட்டில், வீட்டிலுள்ள எல்லோரும் களித்துண்டைத் தொட்டுத் தொட்டுத் தின்ற கதையை வடக்கத்திக் குடும்பங்கள் இன்றும் சொல்கின்றன. அதே களியைத்தான் இப்போது ஊர்ச் சதுக்கத்தில் பெரிய செப்புக்கொப்பரை வைத்து, ஆண்கள் மாற்றி மாற்றி நீண்ட மரத்துடுப்பால் கிளறி, பலகையில் கொட்டி ஊருக்கே பங்கிடுகிறார்கள். பசியை மறைக்காமல் அதையே விருந்தாக்கியிருப்பதால்தான் இந்த விழாக்கள்மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு.

இப்படி ஒரு உணவின் பெயரில் நடக்கும் ஊர்விழாவுக்கு ‘சாக்ரா’ என்று பெயர். ஃப்ளோரன்சுக்கு வடகிழக்கே மர்ராதியில் அக்டோபர் ஞாயிறுகளில் செஸ்ட்நட் விழா. கோதுமை விளையாத மலைகளில் அந்தக் கொட்டையை வாரக்கணக்கில் புகைமூட்டிக் காயவைத்து அரைத்த மாவுதான் ரொட்டிக்குப் பதில். லிகூரியக் கடற்கரையில் கமோலி ஊரில் மே மாதம் ராட்சத வாணலியில் மீன் பொரிக்கிறார்கள். 1952 முதல் நடக்கிறது. பெரும்பாலான சாக்ராக்களை எடுத்து நடத்துவது ‘ப்ரோ லோகோ’ எனப்படும் ஊர்த் தொண்டர் சங்கங்கள். முதல் சங்கம் 1881-ல் த்ரெந்தினோ மலைப்பகுதியின் பியேவே தெசினோவில் பிறந்தது. இன்று நாடு முழுக்க ஆறாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன.

அடுப்படியில் பாட்டிகள், கரியடுப்பில் ஆண்கள், தட்டு தூக்க பள்ளிப் பிள்ளைகள், கல்லாவில் கணக்குத் தெரிந்த ஒருவர். மிஞ்சும் பணம் கோயில் கூரைக்கோ, ஆம்புலன்சுக்கோ, பிள்ளைகளின் விளையாட்டுத் திடலுக்கோ போகிறது. ஊரைவிட்டுப் போனவர்கள் ஆகஸ்ட் விடுமுறைக்குத் திரும்பும்போது சேர்ந்து உட்கார இந்த விழாக்களின் நீளப்பலகைகள்தான் இருக்கின்றன. நூறு ஆண்டுகளில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோரை வெளிநாடுகளுக்கு அனுப்பிவைத்த நாடு அது.

சிக்கல்களும் உண்டு. உறைந்த உருளைக்கிழங்கைப் பொரித்துக் கொடுத்துவிட்டு அதையும் சாக்ரா என்று சொல்லிக்கொள்ளும் வியாபாரக் கூடாரங்கள் பெருகிவிட்டன. வரிகட்டி ஓட்டல் நடத்துகிறவர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2017 ஜூனில் தூரின் நகரச் சதுக்கத்தில் நடந்த நெரிசலுக்குப் பிறகு வந்த பாதுகாப்பு விதிகள், பெருங்கூட்டத்துக்கான செலவைச் சிற்றூர்களின் தலையிலும் ஏற்றின. பல ஊர்களுக்கு அது தாங்கவில்லை. போலிகளை வடிகட்ட வேண்டிய அரசுக்கு, நாற்பது தொண்டர்கள் நடத்தும் விழாவுக்குத் தனி விதி எழுதவும் தெரிய வேண்டும். இதற்கிடையே, 2025 டிசம்பரில் புதுதில்லியில் கூடிய யுனெஸ்கோ குழு, தீபாவளியைச் சேர்த்த அதே கூட்டத்தில் இத்தாலியச் சமையலையும் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நல்ல செய்திதான். அந்தப் பெருமையில் முதல் பங்கு கூலி வாங்காமல் மாவு உருட்டுகிறவர்களுக்குச் சேர வேண்டும். அடுத்த தலைமுறைக்கு உருட்டக் கற்றுத்தர ஊர்ப் பள்ளிகளில் இடமும் நேரமும் ஒதுக்கினால் அதைவிட நல்லது.

இத்தாலிப் பயணம் போகிறவர்கள் ரோம், வெனிஸ் பட்டியலில் ஒரு மாலையை மிச்சம் வையுங்கள். சாலையோரத்தில் சாக்ரா சுவரொட்டி கண்ணில் பட்டால் வண்டியைத் திருப்புங்கள். ‘ப்ரோ லோகோ’ பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் அசல்தான். கையில் ரொக்கம் இருக்கட்டும். முதலில் கல்லாவில் பணம் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு, பலகையில் எங்கே இடமிருக்கிறதோ அங்கே உட்காருங்கள். பக்கத்தில் இருக்கும் ஊர்க்காரர் எதைச் சாப்பிடுகிறாரோ அதையே கேளுங்கள்.