உஷார்! எஸ்.பி.எம். முடித்து ஓராண்டில் யாரும் டயட்டிஷியன் ஆக முடியாது

எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் பருவம் வந்துவிட்டால் கல்லூரி முகவர்களின் துண்டறிக்கைகளும் கேமரன் மலைக்கு ஏறி வந்துவிடுகின்றன. படத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண், கையில் ஆப்பிள். கீழே கொட்டை எழுத்தில்: ‘ஓராண்டில் டயட்டிஷியன், வேலை நிச்சயம், இன்றே பதிந்தால் கட்டணக் கழிவு.’ போ தோட்டம், சுங்கை பாலாஸ், புளூ வேலி, ஹாபு, ரிங்லெட் பெற்றோர்களே, தயவுசெய்து அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். முன்பணமாக ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள்.

நோய்க்கேற்ற உணவை வகுத்துச் சொல்லும் டயட்டிஷியன் என்பது நினைத்தவர் சூட்டிக்கொள்ளும் பெயர் அல்ல. 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது சட்டம் 774, 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் கீழ் வரும் 23 தொழில்களில் டயட்டிஷியனும் ஒன்று. அதற்கான மன்றத்தில் பதிந்துகொள்ளாமல் அந்தத் தொழிலைச் செய்தால் குற்றம். பதிந்துகொள்ள மன்றம் ஏற்கும் பட்டம் வேண்டும். யு.கே.எம்., யு.பி.எம்., யு.எஸ்.எம். போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களிலும், தனியாரில் ஐ.எம்.யு. போன்றவற்றிலும் அது நான்காண்டுப் படிப்பு. அதற்கு முன்னால் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், அசாசி என ஏதாவது ஒன்றை முடித்திருக்க வேண்டும். ஆக, எஸ்.பி.எம்.முக்குப் பிறகு ஐந்தாறு ஆண்டுகள். இதை ஓராண்டில் முடித்துத் தருகிறேன் என்பவர் விற்பது வெறும் காகிதம். ‘நியூட்ரிஷன்’ என்று பெயர் போட்ட பட்டமும் டயட்டடிக்ஸ் பட்டமும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள்.

காகிதம்தானே, காசு போனால் போகட்டும் என்று விட்டுவிட முடியவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டில் 18 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பதாகக் கணக்கிட்டது. எந்த லயத்தில் போய்க் கேட்டாலும் மாத்திரை போடும் ஓர் அப்பாவோ அத்தையோ இருப்பார். இனிப்புநீர் முற்றிச் சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிசுக்குப் போய் வருகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அரைகுறைப் படிப்பு வந்து சேரும் இடம் அவர்களுடைய சாப்பாட்டுத் தட்டு.

ஒன்றை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். காய்கறி வெந்த தண்ணீரைக் கொட்டாதே, சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது, சூப்பாகக் குடி என்று நம் வீட்டில் சொல்வோம். நல்ல உடம்புக்கு அது சரி. சிறுநீரகம் பழுதாகி இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியவருக்கு அதே சூப் ஆபத்து. ஏறிய பொட்டாசியம் இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். அவருக்குக் கீரையையும் உருளைக்கிழங்கையும் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்கச் சொல்வார்கள். நம் மலையில் விளையும் தக்காளிக்கும் அவருக்கு அளவு உண்டு. நம்மவர்கள் பெலிம்பிங் என்று வாங்கிச் சாப்பிடும் நட்சத்திரப்பழமோ அவருக்கு நஞ்சு. நிற்காத விக்கலில் தொடங்கி, புத்தி தடுமாறி, வலிப்பு வந்து உயிரே போகலாம். ‘பழம்தானே, உடம்புக்கு நல்லது’ என்று சொல்லி அனுப்ப ஓர் ஓராண்டு டிப்ளோமா போதும். தடுத்து நிறுத்தத்தான் நான்காண்டு வேண்டும்.

அந்த நான்காண்டில் மாணவர்கள் வார்டிலும், சமூக சுகாதாரப் பணியிலும், மருத்துவமனைச் சமையற்கூடத்திலும் நின்று பயிற்சி எடுக்கிறார்கள். சமையற்கூடம் என்றால் இளக்காரம் வேண்டாம். ஒரே நேரத்தில் உப்புக் குறைத்த தட்டு, மசித்த தட்டு, இனிப்புநீர்க்காரர் தட்டு, சிறுநீரக நோயாளியின் தட்டு எனத் தனித்தனியாகப் புறப்படும். சீட்டு மாறிப் போனால் சாப்பாடே நோயாளிக்குக் கேடாகிவிடும். இந்தப் பயிற்சியைக் கணினித் திரையில் கொடுக்க முடியாது. ‘முழுக்க ஆன்லைன்’ என்று போட்டிருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படிவத்தில் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் அவசரமான செய்தி. 2020 முதல் நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பாகுபாடு இல்லை, பாடத் தொகுப்புகள்தான். கஷ்டம் என்று வேதியியலையும் உயிரியலையும் விட்டுவிட்ட பிள்ளைக்கு டயட்டடிக்ஸ் படிப்பின் வாசல் 16 வயதிலேயே ஏறக்குறைய மூடிவிடுகிறது. கொழுந்தெடுத்துக் களைத்து வந்த அம்மா, பள்ளி கொடுத்த பாரத்தில் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார். அதில் என்ன பாடம் விடுபட்டது என்று எடுத்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. ஆசிரியர்களே, இதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சோதித்துப் பார்க்கக் காசு செலவில்லை. மலேசியத் தகுதி நிறுவனமான எம்.க்யூ.ஏ.யின் பதிவேடு இணையத்தில் திறந்தே இருக்கிறது. கல்லூரியின் பெயரை மட்டும் தேடாதீர்கள், படிப்பின் முழுப்பெயரையும் தேடுங்கள். கல்லூரி உண்மையானதாக இருக்கும், அந்தப் படிப்பு பதிவேட்டில் இருக்காது. படிப்பின் எம்.க்யூ.ஏ. எண்ணில் ‘பி.ஏ.’ என்று இருந்தால் தற்காலிக அங்கீகாரம், ‘எஃப்.ஏ.’ என்றால் முழு அங்கீகாரம். அதன் பிறகு துணைச் சுகாதாரத் தொழில் மன்றத்தைக் கேளுங்கள்: இந்தப் பட்டத்தோடு டயட்டிஷியனாகப் பதிந்துகொள்ளலாமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். பி.டி.பி.டி.என். கடன் கிடைக்காது, ஆனால் நாங்களே தவணை போட்டுத் தருகிறோம் என்று முகவர் இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான்காண்டு முடியாத பிள்ளைக்கும் உணவுத் துறையில் நேர்மையான வழி உண்டு. சமையல், உணவுத் தயாரிப்பில் எஸ்.கே.எம். திறன் சான்றிதழ் இருக்கிறது. மருத்துவமனையில் உணவுத் தயாரிப்பு உதவி அதிகாரி வேலைக்கு டிப்ளோமா வழி இருக்கிறது. கௌரவமான வேலைகள். அவற்றை அந்தந்தப் பெயரிலேயே படிக்கட்டும்.

இங்கும் ஏமாற்று உண்டு. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையோ ஆயாக்கொட்டகையோ, விலைக்குச் சமைத்துக் கொடுப்பவர் பயிற்சி பெற்று, டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும் என்கின்றன 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகள். வகுப்புக்கு வராமலே சான்றிதழ், ஊசி போடாமலே அட்டை என்று யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். அந்தப் பயிற்சி எதற்கு, குளிர்ந்த ஊரில் சாப்பாடு கெடாது என்ற நம்பிக்கையும் நமக்கு உண்டு. கிருமி பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில். தானா ராத்தாவின் 18 டிகிரி அதற்குள்தான் இருக்கிறது. காலையில் பசியாறலுக்குச் செய்த சம்பல் மத்தியானம்வரை மேசையில் இருந்தால் கேமரனிலும் ஆபத்துதான். 2018இல் கெடா, பாலிங்கில் கடை லக்சா சாப்பிட்டு இருவர் இறந்தார்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? ரசீது, துண்டறிக்கை, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். மீதித் தவணையைக் கட்டுவதற்கு முன் படிப்பின் எம்.க்யூ.ஏ. எண்ணை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் உயர்கல்வி அமைச்சில் புகார் கொடுங்கள். தனியார் கல்லூரிகளைக் கட்டுப்படுத்த 1996ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் 555 இருக்கிறது. மலாயில் எழுதத் தயங்கினால் பள்ளி ஆசிரியரையோ தோட்டத்துக் கிராணியையோ கூட உட்காரவைத்து, இந்த வாரமே எழுதிப் போடுங்கள்.