அட்டைக்கு அல்வா கொடுக்கும் கெய்ட்டர்!

ஒரு ஜூலை மாத மழையில், நண்பர்களோடு வால்பாறைப் பக்கம் காட்டுக்குள் நடந்துவிட்டு வந்து ஷூவைக் கழற்றினேன். காலையில் வெள்ளையாக இருந்த சாக்ஸ், சிவப்பு சாக்ஸ் ஆகியிருந்தது! வலியே தெரியவில்லை. என் ரத்தம் ரொம்பப் பிடித்துப்போய், அட்டை தன் சொந்தபந்தங்களையும் அழைத்து வந்திருந்தது.

"கெய்ட்டர் போடலையா சார்?" என்றார் வழிகாட்டி.

"வெயிட்டரா? காட்டுக்குள்ள ஏதுங்க ஹோட்டல்?" என்று கேட்ட அறிவாளி அடியேன்தான்.

2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 மலைப்பாதைகளைத் திறந்துவிட்டதிலிருந்து, ஆபீஸ் பசங்க ஆளுக்கொரு பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். செல்போனுக்கு உறை உண்டு, காலுக்குத்தான் இல்லை!

கெய்ட்டர் என்பது முழங்காலுக்குக் கீழிருந்து ஷூ வரை மூடும் நைலான் உறை. மேலே இழுத்துக் கட்ட நாடா, ஷூ லேஸில் மாட்ட ஒரு கொக்கி, ஷூவுக்கு அடியில் ஒரு வார். சேறு, முள், பொடிக்கல் எதுவும் ஷூவுக்குள் போகாது.

ஆனால் அட்டை கில்லாடி. லேஸ் ஓட்டை வழியாகக்கூட நுழைந்துவிடும். அதற்குத் தனியாக 'அட்டை சாக்ஸ்' உண்டு. நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை ஒரு பை, அவ்வளவுதான். சாக்ஸுக்கு மேலே, ஷூவுக்கு உள்ளே போட்டு, பேன்ட்டை அதற்குள் செருகிக் கட்டிவிட வேண்டும்.

அட்டைக்கு மூன்று தாடை. கடிக்கும்போதே ரத்தம் உறையாமலிருக்க 'ஹிருடின்' என்ற சமாச்சாரத்தையும் சேர்த்து இறக்கிவிடும். அதனால்தான் அது விழுந்த பிறகும் ரத்தம் கசிகிறது. பயந்துபோய் சிகரெட்டால் சுடாதீர்கள். குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடலாம். மெல்லிசான முனைதான் வாய். அங்கே நகத்தால் நெம்பினால் விட்டுவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு என்று நினைத்திருந்தேன். விஷயமே தலைகீழ்! இமயமலைக்காரர்கள் காலில் சுற்றிய கம்பளித் துணிதான் 'பட்டி'. அதைப் பார்த்துத்தான் பிரிட்டிஷ் ராணுவம் 'பட்டீஸ்' சுற்றியது. முதல் உலகப் போரில் (1914-18) லட்சக்கணக்கான கால்களில் நம்ம ஊர்ப் பட்டி! ராணுவ உடை தைக்கும் தொழிற்சாலை 1961-லிருந்து ஆவடியில் இருக்கிறது. பக்கத்துச் சேக்காட்டில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியவில்லை பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: சாதாரண நைலான் கெய்ட்டர் விரியனின் பல்லைத் தடுக்கும் என்று நம்பிப் புதரில் கால் வைக்காதீர்கள். பார்த்து வையுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவதெல்லாம் வேண்டாம். காலை ஆட்டாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியது கூட வந்தவர்கள் வேலை!

புதுசாக வாங்கியதை மலையில்தான் முதலில் மாட்டுவேன் என்று அடம்பிடிக்காதீர்கள். எங்கே உரசுகிறது, எந்த வார் கழன்று வருகிறது என்று ஊரிலேயே நடந்து பாருங்கள். நான் சேக்காட்டு ஏரிக்கரையில் ஒத்திகை பார்த்தேன். பேன்ட்டில் நாயுருவி ஒன்றுகூட ஒட்டவில்லை. நாலு நாய்தான் விடாமல் குரைத்தது.

டீக்கடைக்காரர் என் காலையே பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பேட் எல்லாம் கட்டிட்டீங்க... பேட் எங்கே சார்?"