கிளம்ப மறுக்கும் பழைய லாரி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனத் தோல் தொழிலால் பெயர்பெற்ற ஊர்களுக்கு அருகே, ஏலகிரி மலையடிவாரத்தில் அமைந்துள்ளது ஜோலார்பேட்டை. இரயில் சந்திப்பாகவே பலரும் அறிந்த இவ்வூரைச் சுற்றி, லாரித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்களும் ஏராளம். பழைய வண்டி ஒன்றையே சொத்தாகக் கொண்டு, தாமே உரிமையாளராகவும் ஓட்டுநராகவும் உழைப்போர் அவர்களுள் உண்டு. அதிகாலைத் தொழுகையை முடித்துப் புறப்பட எண்ணும் வேளையில் வண்டி கிளம்ப மறுத்தால், அன்றைய வாடகை போகிறது. கடன் தவணை நிற்கிறது. ஏற்றிய பச்சைத் தோலும் நாள்பட்டால் கெடுகிறது. எனவே இது ஓட்டுநர் மட்டுமன்றி, குடும்பத்தினர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

டீசல் என்ஜின் இயங்கும் விதம்

ருடால்ப் டீசல் என்னும் பொறியாளர் 1897-இல் ஜெர்மனியில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இந்த என்ஜினில், பெட்ரோல் என்ஜினைப் போலத் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்று மிகக் கடுமையாக அழுத்தப்படுவதால் அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் உயர்கிறது. அப்போது நாசில் வழியே பீய்ச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. ஆகவே, என்ஜின் போதிய வேகத்தில் சுழல வேண்டும். டீசல் வந்து சேர வேண்டும். காற்று நன்கு அழுத்தப்பட வேண்டும். இம்மூன்றில் எது குறைந்தது என்று கண்டறிவதே பழுது பார்ப்பதன் முதற்படி.

என்ஜின் சுழலவே இல்லையெனில்

முகப்பு விளக்கை எரியவிட்டுச் செல்ஃபை இயக்கிப் பாருங்கள். விளக்கு மங்கினால், பேட்டரியோ அதன் இணைப்புகளோ பழுது எனக் கொள்ளலாம். விளக்கு மங்காமல், 'டிக்' என்ற ஒலி மட்டும் எழுந்தால் செல்ஃப் மோட்டாரையோ அதன் சுவிட்சையோ சோதிக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டினால் முழுமையாக ஏறியுள்ளது என்று பொருள்.

தோல் ஏற்றும் வண்டிகளில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். உப்பிட்ட தோலிலிருந்து வடியும் நீர் இரும்பையும் செம்பையும் அரிக்கும். சேஸிஸில் பொருத்தப்பட்டுள்ள எர்த் வயரின் முனை இவ்வாறு அரித்துப்போனால், புதிய பேட்டரி வாங்கிப் போட்டும் பயன் இராது. முனைகளைக் கழற்றிச் சுரண்டித் தூய்மை செய்து, இறுக்கி, மேலே வாசலின் பூசினால் போதும். இதற்குச் செலவு மிகச் சொற்பமே!

சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை எனில்

இப்போது புகைக்குழாயைப் பாருங்கள். புகையே வரவில்லையென்றால் டீசல் சிலிண்டரை எட்டவில்லை. டாங்கில் டீசல் உள்ளதா, என்ஜினை நிறுத்தும் கம்பி சிக்கிக்கொண்டுள்ளதா, ஃபில்டர் அடைத்துள்ளதா என வரிசையாகக் காண வேண்டும். பெரும்பாலும் குற்றவாளி, குழாயில் புகுந்த காற்றே. ஃபில்டரின் மேலுள்ள ஏர் திருகைத் தளர்த்தி, ஃபீடு பம்பின் கைப்பிடியை அழுத்தி அழுத்தி இயக்குங்கள். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் திருகை இறுக்கி, டீசல் பம்பிலும் அவ்வாறே செய்யுங்கள். காற்று மீண்டும் மீண்டும் புகுந்தால், எங்கோ வாஷரோ ரப்பர் குழாயோ கெட்டுள்ளது.

வெண்புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. குளிர், நாசில் பழுது, தேய்ந்த பிஸ்டன் ரிங், வால்வுக் கசிவு, பம்பின் டைமிங் தவறுதல் ஆகியவை காரணமாகலாம். கரும்புகை வந்தால் ஏர் கிளீனரை முதலில் பாருங்கள். இவ்வரிசையில் சோதிப்போர், நல்ல நாசிலையும் பம்பையும் வீணாகக் கழற்றிப் பணம் இழக்கமாட்டார்கள்.

உயிர் காக்கும் எச்சரிக்கைகள்

கியர் நியூட்ரலில் இருப்பதையும், கை பிரேக் போட்டிருப்பதையும், சக்கரத்துக்குக் கட்டை வைத்திருப்பதையும் உறுதிசெய்த பின்னரே செல்ஃபைத் தொடுங்கள். ஒரு முறைக்குப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் சுழற்றாமல், ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள். இல்லையேல் செல்ஃப் மோட்டார் கருகும். நாசிலிலிருந்து பீய்ச்சும் டீசலின் முன்னே கையை நீட்டாதீர்கள். அது தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும்; காயம் ஊசிமுனை அளவே தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் அருகில் பீடியோ தீக்குச்சியோ கூடாது. குளிரைப் போக்க டாங்கின் அடியில் பந்தம் கொளுத்துவது பெரும் ஆபத்து.

சரிவில் உருட்டிக் கிளப்பும் வழக்கமும் கைவிடத்தக்கது. காற்று பிரேக் உள்ள வண்டியில், என்ஜின் ஓடினால்தான் காற்றுத் தொட்டி நிரம்பும். தொட்டி காலியாக இருக்கையில் பிரேக் மிதி உதவாது. ஒரு நாள் வாடகையை மிச்சப்படுத்த முனைந்து, தெருவில் விளையாடும் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து விளைவித்தல் ஆகுமா?

வாரம் ஒரு முறை பேட்டரி முனைகளையும் வாட்டர் அளவையும் பாருங்கள். ஃபில்டர் அடியில் தேங்கும் நீரை வடித்துவிடுங்கள். இரவில் டாங்கை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் படிவது குறையும். எப்போது என்ன மாற்றப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று என்பதை ஒரு நோட்டில் எழுதி வைப்பதை வீட்டுப் பெண்மணிகளோ படிக்கும் பிள்ளைகளோ ஏற்கலாம். அடுத்த முறை வண்டி நிற்கும்போது, அந்நோட்டே மெக்கானிக்குக்கு நல்ல வழிகாட்டியாக அமையும்.