அப்சொலூட் எல்ஸ்வேர் (இசைத்தொகுப்பு)

அப்சொலூட் எல்ஸ்வேர் என்பது அமெரிக்காவின் டென்வர் நகரைச் சேர்ந்த பிளட் இன்கான்டேஷன் என்னும் டெத் மெட்டல் இசைக்குழு 2024 அக்டோபர் 4 அன்று வெளியிட்ட இசைத்தொகுப்பு ஆகும்.

உறுமல் குரல், தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் மின்கிதார், அதிவேக டிரம்ஸ் ஆகியவை டெத் மெட்டலின் அடையாளங்கள். இக்குழுவின் முதல் இரண்டு முழுநீளத் தொகுப்புகளும் (2016, 2019) இவ்வகையின. ஆனால் 2022இல் வெளியான டைம்வேவ் ஜீரோவில் உறுமலும் இல்லை, டிரம்ஸும் இல்லை. சிந்தசைசரின் நீண்ட, அமைதியான ஒலிகளே நிறைந்திருந்தன. குழு தன் பழைய பாதையை விட்டுவிட்டதோ என்று கேட்போர் ஐயுறுவது இயல்பே.

அப்சொலூட் எல்ஸ்வேர் இவ்விரு பாதைகளையும் ஒன்றாக்குகிறது. இதில் இரண்டே பாடல்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 நிமிடங்கள் நீளும், மூன்று பகுதிகள் கொண்டது. தொகுப்பு பெர்லினின் ஹான்சா ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. மின்னணு இசையின் முன்னோடிக் குழுவான டாஞ்சரின் டிரீமைச் சேர்ந்த தோர்ஸ்டன் குவேஷ்னிங், 'த ஸ்டார்கேட்' பாடலின் இரண்டாம் பகுதியில் பங்களித்துள்ளார்.

கடும் வேகம் அடங்கி மெல்லிசையாகிறது. பின்னர் உறுமல் திரும்பும்போது முன்னிலும் வலிமையாக ஒலிக்கிறது. இங்கு அமைதி ஓர் இடைவேளை அன்று, பாடலின் உறுப்பு. 'த ஸ்டார்கேட்' பாடலை இடையில் நிறுத்தாமல் கேட்டால் இது விளங்கும்.